அக்காவின் விரிப்புகள் போன வீடுகள்

வந்தவர்கள் எழுந்ததும் அம்மா பழைய செய்தித்தாளைத் தரையில் விரிப்பாள். ரேடியோவின் மேலிருந்தோ நாற்காலியின் முதுகிலிருந்தோ அக்கா பின்னிய வெள்ளை விரிப்பை எடுத்து, உதறி, தாளின் நடுவில் வைத்துப் பொட்டலமாக மடித்து, மாப்பிள்ளையின் தாயார் கையில் கொடுப்பாள். "ஐயோ, எதுக்குங்க இதெல்லாம்?" என்று அவர்கள் ஒரு பேச்சுக்கு மறுப்பார்கள். "ஆசப்பட்டுட்டீங்க, எடுத்துட்டுப் போங்க" என்பாள் அம்மா. பிறகு அவர்கள் வந்த வாடகைக் கார் எங்கள் தோட்டத்து லய வீடுகளின் மண்சாலையில் இறங்கி, ரப்பர் மரங்களுக்கு நடுவே செமோர் டவுன் பக்கம் போய் மறையும். வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே திரும்பினால் ரேடியோ மொட்டைத் தலையோடு நிற்கும். அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் போன பிறகு எங்கள் வீடு எப்போதும் அப்படித்தான் இருக்கும்.

எனக்கும் அக்காவுக்கும் பத்து வயது போல வித்தியாசம். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, ரப்பர் மரப்பாலை உறைய வைக்கும் ஸ்டோரில் ஆசிட் ஜாடி சாய்ந்து அவள் மேல் தெறித்துவிட்டது. இடது கன்னமும் கழுத்தும் வெந்து, பிறகு சுருங்கி, ரப்பர் ஷீட்டைப் போல வழுவழுவென்று ஆகிவிட்டன. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காரப் பிள்ளைகள் பயந்தார்கள். அம்மா அவளை நிறுத்தி, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியார் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள அனுப்பினாள். கிராணியாரின் மனைவி சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து கொக்கி ஊசியால் பின்னிக்கொண்டிருப்பாராம். யாரும் சொல்லித்தரவில்லை, குழந்தையை ஆட்டிக்கொண்டே பார்த்துப் பார்த்து அக்கா பிடித்துக்கொண்டாள். அப்பா சைக்கிள் சக்கரக் கம்பி ஒன்றை வெட்டி, பால் வெட்டும் கத்தியைத் தீட்டும் கல்லில் நுனியைத் தேய்த்துக் கொக்கி ஆக்கிக் கொடுத்தார். இன்று வரையில் அக்காவுக்கு அந்த ஊசிதான் கைக்கு வருகிறது.

என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து யாரும் நிறுத்தவில்லை. எங்கள் வம்சத்தில் ஐந்தாம் படிவம் வரை, பள்ளிக்கூடத்தின் கடைசிப் பரீட்சை வரை படித்துத் தேறிய முதல் ஆள் நான். அதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வரவில்லை. சொல்லவும் வேண்டாம் என்று நினைக்கிறேன். நான் மேசையில் படிக்கும்போது அக்கா எதிரே உட்கார்ந்து பின்னுவாள். இருவரும் ஒரே விளக்கைப் பங்கு போட்டுக்கொள்வோம். நாற்காலி முதுகுத் துணி, தட்டு மூடும் துணி, ஓரத்தில் மணி கோத்த கூஜா மூடி என்று வீட்டில் அவள் கை படாத இடமில்லை. அன்னாசிப் பழத்தைக் குறுக்கே வெட்டியது போல அவள் ஒரு வேலைப்பாடு போடுவாள். அதில்தான் அவளுக்குப் பெருமை. ஒரு முறை விறைப்பாக நிற்கட்டும் என்று கஞ்சிக்குப் பதில் சீனித் தண்ணீரில் முக்கிக் காயவைத்தாள். மறுநாள் விரிப்பு முழுவதும் எறும்பு. "பாப்பா, எறும்புக்கே என் வேல புடிச்சிருக்கு பாரு" என்று சிரித்தாள். சிரிக்கும்போது இடது கை தானாகக் கன்னத்துக்குப் போய்விடும்.

அம்மாவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. வீட்டில் ஒரு பொருளை யாராவது வாய்விட்டுப் புகழ்ந்தால், அதை அவர்களுக்கே கொடுத்துவிடுவாள். கண் பட்ட பொருள் வீட்டில் தங்கினால் ஆகாது என்பது அவள் நம்பிக்கை. பெண் பார்க்க வருகிறவர்கள் விஷயத்தில் அதோடு இன்னொரு கணக்கும் சேர்ந்துகொண்டது. அக்காவின் துணி ஒரு வீட்டில் போய்க் கிடந்தால், அதைப் பார்க்கும்போதெல்லாம் அவர்களுக்கு அக்காவின் நினைவு வரும், அந்தத் துணியே அவளுக்காகப் பேசும் என்று அம்மா நினைத்தாள். "மொதல்ல துணி போகட்டும். பொண்ணு பின்னால போவா" என்பாள். விரிப்பு பிடித்துவிட்டது என்றால் பெண்ணைப் பாதி பிடித்துவிட்டது என்றுதான் அவளுக்கு அர்த்தம். வந்தவர்களுக்கோ பார்க்கவும் பேசவும் முகத்தைத் தவிர வேறு ஏதோ ஒன்று வேண்டியிருந்தது. அதனால் எல்லாரும் விரிப்பைப் புகழ்ந்தார்கள். தரகரும் விடமாட்டார். "கை வேலயப் பாருங்க, மிஷினுகூட இப்படிப் போடாதுலா!" என்று எடுத்துக் கொடுப்பார். பக்கத்து வீட்டுக்காரி தண்ணீர்க் குழாயடியில் எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்: "நானும் என் தம்பிய அனுப்பப் போறேன். பொண்ணு பாக்க வந்தா தேத்தண்ணியும் கெடைக்குது, ரேடியோ துணியும் கெடைக்குதுலா!" அம்மா குடத்தை நிரப்பாமலே திரும்பி வந்தாள்.

வந்தவர்களில் அக்கா மனதில் வைத்திருந்தது ஒருவரைத்தான். காம்பாரிலிருந்து தாயாரோடு வந்தவர், லாரி ஓட்டுகிறவர். அன்றைக்கும் அம்மா வழக்கம் போல அக்காவின் நாற்காலியை, அவளுடைய இடது கன்னம் சுவர்ப் பக்கம் மறையும்படி போட்டிருந்தாள். அந்த மனிதர் எழுந்து, சுற்றி வந்து, அக்காவுக்கு நேர் எதிரே இருந்த முக்காலியில் உட்கார்ந்தார். முழு முகத்தையும் பார்த்தார். பிறகு விரிப்பைக் காட்டி, "இது என்ன பூ?" என்று கேட்டார்.

"பூ இல்ல. அன்னாசி" என்றாள் அக்கா.

"புளிக்குமா?"

அக்கா சிரித்துவிட்டாள். கை கன்னத்துக்குப் போகவில்லை. நான் கதவோரம் நின்று அதைப் பார்த்தேன். அப்படி அவள் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அவருடைய தாயார் அந்த விரிப்பைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, "அழகா இருக்கு, ரொம்ப அழகா இருக்கு" என்றார். அம்மா செய்தித்தாளை எடுத்து வந்தாள். அந்த விரிப்பைப் பின்னும்போது பாதியில் வெள்ளை நூல் தீர்ந்துவிட்டது. செமோரில் அதே வெள்ளை கிடைக்கவில்லை. கடைசி வரிசையைக் கொஞ்சம் மஞ்சள் கலந்த நூலால் முடித்திருந்தாள். "அம்மா, அது வேணாம். வேற குடு, நூலு மாறியிருக்கு" என்று அக்கா தாழ்ந்த குரலில் சொன்னாள். "அதெல்லாம் யாரு பாக்கப் போறா?" என்று அம்மா மடித்துக் கொடுத்துவிட்டாள்.

அதன் பிறகு அக்கா காத்திருந்தாள். காத்திருக்கிறேன் என்று சொல்லவில்லை. தலையணை உறைகளுக்கு ஓரம் பின்னத் தொடங்கினாள், அவ்வளவுதான். இரண்டு உறை. "யாருக்குக்கா?" என்று கேட்டால், "சும்மாதான்" என்பாள். லாரிச் சத்தம் கேட்டால் ஊசி நிற்கும். ஒரு நாள் தரகர் வந்து, வாசலிலேயே நின்றபடி, ஜாதகம் பொருந்தவில்லையாம் என்று சொல்லிவிட்டுப் போனார். ஜாதகத்தைப் பார்த்துவிட்டுத்தானே அவர்கள் வந்தார்கள் என்று அம்மா சுவரைப் பார்த்துக் கேட்டாள். அக்கா உறைகளில் ஒன்றை எனக்குப் போட்டாள், இன்னொன்றை அப்பாவுக்குப் போட்டாள். அந்த வாரமே ரேடியோவுக்குப் புது விரிப்பு ஆரம்பித்துவிட்டாள். அதற்குப் பிறகும் பலர் வந்தார்கள். விரிப்புகள் போய்க்கொண்டே இருந்தன.

பல வருடங்கள் கழித்து நான் காம்பாரில் தற்காலிக ஆசிரியையாகச் சேர்ந்தேன். என் வகுப்புச் சிறுமி ஒருத்தி காய்ச்சலால் தொடர்ந்து வரவில்லை. ஒரு மாலை அவள் வீட்டைத் தேடிப் போனேன். பெரிய வீடு; முன்னால் லாரி நிறுத்தும் இடம். "வாங்க டீச்சர், வாங்க" என்று சிறுமியின் பாட்டி உட்காரவைத்தார். எதிரே தொலைக்காட்சிப் பெட்டி. அதன் மேல் அன்னாசி வேலைப்பாடு. ஓரத்தைப் பார்த்தேன். கடைசி வரிசை மட்டும் லேசான மஞ்சள்.

அந்த அம்மாளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அவர்கள் வந்தபோது நான் கதவோரம் நின்ற ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைதானே. நான் விரிப்பையே பார்ப்பதைக் கண்டு, "எங்க மருமக பின்னுனது டீச்சர். கை வேலன்னா அவளுக்கு உசுரு" என்றார். மைலோ பானத்தோடு வந்த மருமகள் தட்டை வைத்துவிட்டு நிமிராமல் நின்றாள்.

"இது என்ன பூ?" என்று அவளிடம் கேட்டேன்.

"தெரியலிங்க டீச்சர்" என்றாள். உடனே மாமியார், "மனசுல தோணுறதப் போடுவா, பேரெல்லாம் வெச்சா போடுவா?" என்று சிரித்தார்.

அந்தப் பெண்ணின் காது மடல்கள் சிவந்துவிட்டன. அவள் பொய் சொல்லவில்லை. அவள் மேல் சுமத்திய பொய்யைச் சுமந்துகொண்டு நின்றாள். அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. "ரொம்ப அழகா இருக்கு" என்று மாமியாரைப் பார்த்துச் சொன்னேன். எங்கள் அம்மாவாக இருந்தால் அப்போதே செய்தித்தாளைத் தேடியிருப்பாள். அந்த அம்மாள் விரிப்பின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார். "எல்லாரும் கேப்பாங்க டீச்சர். நான் குடுக்கவே மாட்டேன்" என்றார்.

அந்த வார இறுதியில் தோட்டத்துக்குப் போனபோது அக்காவிடம் சொன்னேன். அவள் கோபப்படுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். எனக்காகவாவது கோபப்பட்டிருக்கலாம். அவள் ஊசியை நிறுத்தி, "நல்ல பக்கம் மேல இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"இருந்துச்சு."

"கஞ்சி போட்டு வெச்சிருக்காங்களா?"

"ம். சுத்தமா வெச்சிருக்காங்க."

இரண்டு கண்ணி பின்னினாள். பிறகு, "அவரு இருந்தாரா வீட்டுல?" என்றாள்.

"இல்ல. கல்யாணப் படம் மாட்டியிருந்துச்சு."

"தொப்ப விழுந்திருக்குமே இப்ப." சிரித்தாள். கை கன்னத்துக்குப் போய் அங்கேயே இருந்தது.

தோட்டம் கைமாறி, லயங்களை இடிக்கப் போவதாகப் பேச்சு வந்து, நாங்கள் ஈப்போவுக்குக் குடிவந்த பிறகு, அக்காவைப் பார்க்கக் கடைசியாக ஒரு குடும்பம் வந்தது. மாப்பிள்ளை மனைவியை இழந்தவர், ஊர் தஞ்சோங் ரம்புத்தான் பக்கம். அம்மா சந்தைக்குப் போய்த் திரும்புவதற்குள் அக்கா வீட்டிலிருந்த எல்லா விரிப்புகளையும் எடுத்து அலமாரியில் பூட்டிவிட்டாள். ரேடியோ, நாற்காலி, மேசை, எல்லாம் வெறும் பலகை. தன் நாற்காலியைச் சுவரிலிருந்து இழுத்து வாசல் வெளிச்சத்துக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தாள். வந்தவர்கள் அவளைப் பார்த்தார்கள். பார்வையைத் திருப்ப அந்த அறையில் வேறு எதுவும் இல்லை. புகழவும் எதுவும் இல்லை. தேத்தண்ணி சூடாக இருக்கும்போதே குடித்துவிட்டு எழுந்தார்கள். அவர்கள் போனதும் அம்மா அழுதாள். "ஏண்டி இப்படிப் பண்ணுன? ஒரு துணியாவது இருந்திருந்தா ரெண்டு வார்த்த பேசியிருப்பாங்களே!"

"பாக்கத்தானம்மா வந்தாங்க. பாத்துட்டாங்க" என்றாள் அக்கா. அதற்குப் பிறகு தரகரை அவள் வீட்டுக்குள் விடவில்லை.

என்னைப் பார்க்க வந்தவர்கள் என் சம்பளத்தை விசாரித்தார்கள். பின்னத் தெரியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. அக்கா முன்னறைக்கு வரக்கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டதால், அவள் அடுப்படியிலேயே இருந்து தேத்தண்ணி ஊற்றி அனுப்பினாள். நான் எழுந்து போய் அவளைக் கையைப் பிடித்து அழைத்துவந்து, "இவங்க எங்க அக்கா" என்றேன். மாப்பிள்ளை வீட்டார் அவள் கன்னத்தைப் பார்த்தார்கள், பிறகு என் கன்னத்தைப் பார்த்தார்கள். என் கணவர் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். அதற்காகத்தான் அவரைக் கட்டிக்கொண்டேன்.

நாங்கள் தனிக்குடித்தனம் வைத்தபோது, தங்கச்சி வீட்டுக்கு நாற்காலித் துணி போட்டுக் கொடு என்று அம்மா அக்காவிடம் சொன்னாள். அக்கா முடியாது என்றாள். ஈப்போ கடை ஒன்றுக்குக் குழந்தைத் தொப்பிகள் பின்னிக்கொடுக்கிறாள், கை ஓய்வதில்லை. அதனால்தான் என்று நினைத்து, நானே போய்க் கேட்டேன். "கண்டவங்களுக்கெல்லாம் போட்டுக் குடுத்த. என் வீட்டுக்கு ஒண்ணு இல்லையாக்கா?"

அவள் தொப்பியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான் போட்டது போன வீடு ஒண்ணுலயாவது நான் காலடி வெச்சிருக்கேனா? கடையில வாங்கிக்க பாப்பா. உன் வீட்டுக்கு நான் வாரணும்லா."

கடையிலும் நான் வாங்கவில்லை. சனிக்கிழமைகளில் அக்கா வருகிறாள். நூலையும் ஊசியையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு வருகிறாள். வந்த கொஞ்ச நேரத்துக்கு என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானை நுனியை மடித்து மடித்துப் பிரிப்பாள். பிறகு சமையலுக்கு உதவுவாள், என் கணவரைக் கிண்டல் செய்வாள், இரவு என் பக்கத்தில் படுத்துத் தூங்குவாள். ஞாயிற்றுக்கிழமை மாலை பஸ் ஏற்றிவிட நானும் நடந்து போகிறேன். பஸ் வரும்போது, "அடுத்த வாரமும் வாரியாக்கா?" என்று கேட்கிறேன். ஏறும் படியில் ஒரு காலை வைத்தபடி அவள் திரும்பி, ஒவ்வொரு முறையும் என்னையே கேட்கிறாள்: "வரலாமா?"