அப்பா சூட் போட்ட நாள்

கூர் என்ற ஊரில் என் வகுப்பில் இருபத்திரண்டு பிள்ளைகள். பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குச் சூட் போட்டுக்கொண்டு வந்த அப்பா என் அப்பா ஒருவர்தான். இந்தப் பெருமையை நான் இன்றைக்கும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அப்பா ஹோட்டல் ஒன்றில் கோப்பை கழுவினார். சூட் வாங்கியது ஜேர்மனியில் இருந்த அத்தையின் கல்யாணத்துக்கு. அப்பப்பா இல்லாதபடியால் தமையனான அப்பாதான் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும். அதற்கு எல்லை தாண்ட வேண்டும், எல்லை தாண்ட எங்கள் அகதிக் கேஸ் முடிய வேண்டும், கேஸ் முடிந்ததென்று தலைநகர் பேர்ணிலிருந்து கடிதம் வரவேண்டும். ஐந்து வருஷமாக அது வரவில்லை. கடை விளம்பரம் மட்டும் கொண்டுவரும் தபால்காரருக்கும் அப்பா தவறாமல் நன்றி சொன்னார்.

எங்கள் வீட்டில் எதைக் கேட்டாலும் "கடிதம் வரட்டும்" என்பதுதான் பதில். சைக்கிளுக்கும் அதுதான், தம்பிப் பாப்பாவுக்கும் அதுதான். கல்யாணம் இரண்டு தரம் தள்ளிப்போனது. இனி மாப்பிள்ளை வீட்டார் பொறுக்க மாட்டார்கள் என்று அம்மா தொலைபேசியில் கதைத்தது என் காதிலும் விழுந்தது. ஆனால் எனக்கு என் கவலை.

வகுப்பு ரைன் ஆற்றுக்கு அப்பால், பக்கத்து நாட்டிலுள்ள வாடூஸுக்குக் கோட்டை பார்க்கப் போகிறது. எங்கள் தற்காலிக அட்டையோடு அங்கே கால் வைக்க முடியாது. டீச்சர் யோசித்து ஒரு வழி சொன்னார். பழைய மரப்பாலத்தின் நடுவில்தான் எல்லைக்கோடு. அதுவரை நானும் வரலாம். மற்றவர்கள் கோட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பும்வரை வீட்டிலிருந்து ஒருவர் என்னோடு நின்றால் போதும்.

அன்று காலை அப்பா சூட்டின் பொலித்தீன் உறையைக் கழற்றினார். நெற்றியில் சந்தனப் பொட்டு வேறு.

"கடிதம் வந்திட்டுதோ, அப்பா?"

"இல்லைப் பிள்ளை. உன்ர டீச்சரிட்டைச் சும்மா வாறதோ?"

அம்மா தலைக்கு முழுகி, பட்டுச்சேலையோடு அடுப்படியில் நின்று எண்பது ரோல்ஸ் பொரித்துத் தந்தார். என் சுற்றுலாவுக்கு இவ்வளவு மரியாதையா என்று நான் பூரித்துப் போனேன்.

பாலத்து நடுவில் கோடு வந்தது. பிள்ளைகள் தாண்டிப் போனார்கள். அப்பாவின் பளபளத்த சப்பாத்து கோட்டுக்கு ஒரு விரற்கடை இப்பால் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மணிக்கூட்டைப் பார்த்தார்.

"இந்த ஆறு எங்கை போகுது, பிள்ளை?"

"ஜேர்மனிக்கு. டீச்சர் சொன்னவ."

"அப்ப சரி" என்றவர், சட்டைப் பையிலிருந்து ஒரு பிடி அரிசியை எடுத்து, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்து, பலகை இடைவெளியால் ஆற்றில் போட்டார். என் கையிலும் கொஞ்சம் தந்தார். நானும் போட்டேன்.

திரும்பி வந்தவர்களுக்கு ரோல்ஸ் வாசம் போதுமாக இருந்தது. கோட்டைத் தாண்டி ஓடிவந்து எங்களைச் சூழ்ந்துகொண்டார்கள். அப்பா ஒவ்வொருவரையும் "சாப்பிடுங்கோ, வடிவாச் சாப்பிடுங்கோ" என்று தமிழிலேயே உபசரித்தார். விளங்காதவர்களும் இரண்டு மூன்று எடுத்தார்கள். கல்யாண வீட்டு வாசலில் நிற்பவரைப் போலத்தான் நின்றார். டீச்சர் எடுத்த படத்தில் என் வகுப்புக்கு நடுவில் அவர்தான் பெரிய மனிதர்.

கடிதம் வர இன்னும் இரண்டு வருஷம் ஆனது. அதற்குப் பிறகுதான் நான் அத்தையை முதன்முதலாகப் பார்த்தேன். அத்தை காட்டிய கல்யாணப் படங்களில் தாரை வார்த்து நின்றவர் எனக்குத் தெரியாத யாரோ. ஓரத்தில் அச்சாகியிருந்த திகதி மட்டும் எனக்குத் தெரிந்ததுதான். என் வகுப்புப் படத்திலும் அதே திகதி.

பாலத்தில் அப்பா என் கையில் தந்தது, தாலி கட்டும் நேரத்தில் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் போடும் அறுகரிசி. அது தெரியாமல், என் அப்பா ரைன் ஆற்று மீன்களுக்குச் சாப்பாடு போட்டார் என்று அன்று வகுப்பு முழுவதற்கும் சொல்லிப் பெருமையடித்தேன். பக்கத்தில் நின்ற அப்பா, ஓம், அப்படித்தான் என்று தலையாட்டினார்.