அவர் காரிலிருந்து என் வேனுக்கு வந்த குளிர்

சமாதானம் என்று கொஞ்சக் காலம் ஓய்ந்திருந்த சண்டை மறுபடி தொடங்கியிருந்த நேரம். மட்டக்களப்பில் கச்சான் என்கிற மேல்காற்று அனலாக வீசிக்கொண்டிருந்தது. அப்போது நான் ஹயருக்கு, அதாவது வாடகைக்கு, ஒரு சின்ன வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், ஸ்டியரிங் பிடிப்பதைத் தவிர வேறு தொழில் தெரியாது. வேனும் முழுக்க என்னுடையது இல்லை. மனைவியின் நகையை அடகு வைத்து, லீசிங்கில் எடுத்தது.

சண்டை தொடங்கியதும் கல்யாண ஹயர், கொழும்பு ஹயர் எல்லாம் நின்றுபோயின. இன்னொரு தவணை தவறினால் வேனை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற நிலை. அந்த நேரத்தில்தான் ஒரு நிவாரண அலுவலகத்தில் மாத வாடகைக்கு வேன் தேடுவதாகக் கேள்விப்பட்டேன். வாகரைப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து வந்த சனத்தின் முகாம்களுக்கு டாக்டர்மாரையும் மருந்துப் பெட்டிகளையும் கொண்டுபோக வேண்டும். மருந்து சூட்டில் கெட்டுவிடுமாம், ஆகவே ஏ.சி. கட்டாயம் என்றார்கள். மறுநாள் காலையில் வேனைக் கொண்டுவந்து காட்டச் சொன்னார்கள்.

என் வேனில் ஏ.சி.யைப் போட்டால் சுடுகாற்றுத்தான் வரும்.

டவுனில் ஒரு கராஜில் காட்டினேன். கம்பிரசர் போய்விட்டது, புதிது போட வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார்கள். வெளியே வந்து நின்றபோது இன்னொரு டிரைவர், காத்தான்குடியில் சவூதியில் ஏ.சி. வேலை பார்த்துவிட்டு வந்த ஒரு மெக்கானிக் பாஸ் இருக்கிறார், அவரிடம் காட்டு என்றார். அது முஸ்லிம்களின் ஊர். அந்த நாட்களில் தமிழர் அங்கே போவதற்கும் அவர்கள் இங்கே வருவதற்கும் இரண்டு தரம் யோசிப்பார்கள். நான் எதற்குமே நான்கு தரம் யோசிக்கிறவன். ஆனாலும் போனேன்.

பாஸ் குழாய் மூட்டுகளில் சவர்க்கார நுரையைப் பூசிப் பார்த்தார். ஓரிடத்தில் மெதுவாகக் குமிழி வந்தது. கம்பிரசருக்கு ஒன்றும் இல்லை, ரப்பர் வளையம் தேய்ந்து, குளிரூட்டுகிற காஸ் கசிந்து போயிருக்கிறது என்றார். வளையத்தை மாற்ற அவர் கேட்டது ஒரு சாப்பாட்டுக் காசு. எனக்கு உயிர் வந்தது. அடுத்த நிமிடமே அது போயும் விட்டது. காஸ் இல்லையாம். கொழும்பு ரோட்டில் தடை, குண்டுப் பயத்தில் சிலிண்டர் என்றாலே சோதனைச் சாவடியில் இறக்கிவிடுகிறார்களாம். முன்பு மூவாயிரத்துக்கு அடித்த காஸ், எப்படியாவது வந்து சேர்ந்தால் நாலைந்து மடங்கு விலை. இப்போது அந்த விலைக்கும் கிடையாது.

அங்கே கிடந்த பழைய டயரில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பக்கத்துக் கதிரையில் ஒரு புடவைக்கடைக்காரர் இருந்தார். நல்ல பருத்த உடம்பு. காருக்கு ஒயில் மாற்ற வந்தவர். பாஸ் அவரை அண்ணன் என்ற பொருளில் நானா என்று கூப்பிட்டார்.

"உங்கட முகத்தப் பார்த்தா வேனுக்கில்ல, உங்களுக்குத்தான் காஸ் அடிக்கணும் போல இரிக்கி" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்காமலே லீசிங், நகை, நாளைக் காலை என்று எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினேன். அவர் பிளேன்ரீயைக் குடித்து முடித்தார். பிறகு பாஸைக் கூப்பிட்டு, தன் காரில் இருக்கும் காஸ் இந்த வேனுக்குச் சரிவருமா என்று கேட்டார்.

பாஸ் அதைப் பகிடி என்றுதான் நினைத்தார். "ரெண்டுக்கும் ஒரே காஸ்தான் நானா. ஆனா போன மாசம்தானே அவ்வளவு காசு குடுத்து அடிச்சீங்க."

"அத விடுங்க. எடுக்க ஏலுமா, ஏலாதா?"

எடுக்கிற மெஷின் இல்லை, ஆனால் ஐஸ் இருந்தால் ஒரு வழி இருக்கிறது என்றார் பாஸ். வெறும் சிலிண்டரை ஐஸுக்குள் புதைத்து காரோடு இணைத்தால், குளிர்ந்த இடத்தைத் தேடிக் காஸ் தானாக அதற்குள் இறங்குமாம். பிறகு சிலிண்டரைச் சுடுதண்ணீரில் வைத்தால் வேனுக்குள் ஏறுமாம்.

கடற்கரையில் மீன் வைக்கும் கொட்டகையான வாடிக்கு ஓடினேன். கடலுக்குப் போகத் தடை, ஐஸ் சும்மா கரைந்துகொண்டிருந்தது. வாடிக்காரர் எதற்கு என்று கேட்டார். ஏ.சி.க்கு என்றேன்.

"அப்ப என்னத்துக்கு மகன் கராஜுக்கு? ஐஸ வேனுக்குள்ள வைச்சிட்டு ஓடு, குளிரும்" என்று சொல்லிச் சாக்கு நிறைய அள்ளித் தந்தார்.

மீன் நாற்றம் அடிக்கும் அந்த ஐஸுக்குள் சிலிண்டர் கிடந்த நேரம் முழுக்க எனக்குப் பயம்தான். வெடிக்குமா? கார் பழுதாகுமா? பாதியில் இவர் மனம் மாறிவிடுவாரா? அவரோ ஒரு காட்போட் மட்டையால் விசிறிக்கொண்டு, சட்டை முதுகோடு ஒட்டியிருக்க, பாஸோடு புடவை விலை பேசிக்கொண்டிருந்தார். கடைசியில் என் வேனில் குளிர்காற்று வந்தது. அந்தக் காற்றில் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

எவ்வளவு தர வேண்டும் என்று கேட்டேன். ரோடு திறந்து காஸ் வந்ததும் தன் காருக்கு அடித்துவிட்டால் போதும் என்றார். என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. எனக்கு மனம் கேட்காமல் அடையாள அட்டையை எடுத்து நீட்டினேன்.

"அத ஆமிக்காரனுக்குக் காட்டுங்க. எனக்கென்னத்துக்கு?" என்றார்.

மறுநாள் அலுவலகத்தில் ஒருவர் கையை நீட்டிக் காற்றைப் பார்த்துவிட்டு, சரி என்றார். வேன் என்னிடமே நின்றது.

அந்தக் கச்சான் காலம் முழுக்க அவர் கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் காரோட்டினார். ஒருநாள் கல்லடிப் பாலத்தடியில் சோதனைக்காக நின்ற வரிசையில் எங்கள் வாகனங்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. துவாயால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு மனம் பொறுக்காமல் கண்ணாடியை இறக்கி, நானா, இன்னும் காஸ் வரவில்லையே என்றேன்.

"முதல்ல கண்ணாடிய ஏத்துங்க. காஸ் வீணாப் போகுது" என்றார்.

பாதை திறந்து பாஸுக்குச் சிலிண்டர் வந்த அன்றைக்கே அவர் காருக்கு என் செலவில் காஸ் அடித்துவிட்டேன். அவர் வேண்டாம் என்று மறுக்கவில்லை. மறுத்திருந்தால் நான் காலமெல்லாம் தலைகுனிந்து நின்றிருப்பேன். அது அவருக்குத் தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன்.

இன்றைக்கும் யாராவது உதவி கேட்டு வந்தால், என்னிடம் மிஞ்சி இருக்கிறதா என்று மனம் பயத்தோடு கணக்குப் பார்க்கத் தொடங்கும். அப்போதெல்லாம், தான் அனுபவித்துக்கொண்டிருந்த குளிரையே கழற்றித் தந்துவிட்டு வெயிலில் கார் ஓட்டிப்போன அந்த மனிதரை நினைத்து, கணக்கை நிறுத்திவிடுகிறேன்.