யாரென்று கேட்காமல் போன படகுகள்

என் மகள் ஒரு படம் எடுத்திருக்கிறாள். கைப்பேசியில் எடுத்த சின்னப் படம்தான். ஆனாலும் பாடசாலையில் யாராவது அதைப் பற்றிக் கேட்டால், நான் பாடத்தை நிறுத்திவிட்டுக் கதை சொல்லத் தொடங்கிவிடுகிறேன்.  

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த மாதங்களில், வேற்றுலக உயிர்களைப் பற்றி வந்த படங்களையெல்லாம் தேடித் தேடிப் பார்த்தாள். நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவளும்கூட. அதனால் அவளுடைய கேள்விகள் எல்லாம் என்னிடமே வந்தன. அந்தப் படங்களில் சமிக்ஞை எப்போதும் ஏதோ பாலைவனத்தில் நிற்கும் பெரிய ஏரியலுக்குத்தான் வருகிறதாம். விஞ்ஞானி கெட்டிக்காரராக இருப்பாராம்; கடவுளை நம்புகிறவர் பயந்தவராகவோ விசர் பிடித்தவராகவோ இருப்பாராம். "எங்கட ஊருக்கு அப்பிடி ஒரு குரல் வந்தா என்ன நடக்கும் அம்மா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அதையே படமாக எடுக்கப்போவதாகச் சொன்னாள்.

கதை இதுதான். எங்கள் ஊரான தாழ்வுபாட்டில் ஒரு பெண், கணவனின் படகோடு பேசும் வோக்கியில், அந்தச் சின்ன வானொலிக் கருவியில், யாரென்று தெரியாத ஒரு குரலைக் கேட்கிறாள். அது கடலிலிருந்து வரவில்லை. பங்குத்தந்தையிடம் போகிறாள். கடைசியில் மேலேயிருந்து பதில் வரும். திருவிழா மாலை நிகழ்ச்சியில் கோயில் வளவில் அதைப் போட்டுக் காட்டப் பங்குத்தந்தை சம்மதித்திருந்தார். பங்குச் சபையில் ஒருவருக்கு மட்டும் விருப்பமில்லை. மாதாவின் திருவிழாவில் இதென்ன கூத்து என்று கேட்டாராம். எனக்கும் பயம்தான். படம் கிடக்கட்டும், பிள்ளைக்கு விசுவாசம் இல்லாமல் போய்விட்டது என்று சனம் கதைக்குமே என்ற பயம்.

படப்பிடிப்புக்குத் தகப்பனின் வோக்கியைக் கேட்டு வாங்கினாள். அவர் அன்று கடலுக்குப் போகவில்லை. கச்சான் என்ற தென்மேற்குக் காற்று பலமாக இருந்ததால் கரையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். சத்தம் வெளியே வராமல் குமிழைக் குறைத்து வைத்தால் அது வேலை செய்யாது என்று நினைத்திருக்கிறாள். பின்னேரம், வீட்டின் பின்புறத்தில், தோழி கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நிற்க, பொத்தானை அழுத்தி நடித்தாள். "ஆராவது இருக்கிறீங்களோ? நான் கதைக்கிறது கேக்குதோ? பதில் தாங்கோ." அதையே அழுகிற குரலில் பல தடவை சொன்னாள்.

இந்தக் கரையில் அந்தச் சொற்களை வேறு எந்த அர்த்தத்தில் கேட்பார்கள்? காற்று நாளில், ஊரில் இருந்த மற்ற வோக்கிகளிலெல்லாம் அழுகிற ஒரு குரல். எந்தப் படகு, எந்த ஊர் என்று சொல்லவில்லை. கூப்பிட்டால் பதிலும் இல்லை. பெண் பிள்ளையின் குரல் என்பதால், அக்கரையான இந்தியாவிலிருந்து அகதிகளை ஏற்றிவந்த படகாக இருக்குமோ என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். கோயில் மணியை அடித்துவிட்டார்கள். நேரமல்லாத நேரத்தில் மணி அடித்தால் கடலில் யாரோ ஆபத்தில் இருக்கிறார்கள் என்று அர்த்தம். ஊர் கரைக்கு ஓடும். நானும் ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் மூன்று படகுகள் அலையைத் தாண்டிவிட்டன. அவற்றில் ஒன்று எங்களுடையது; என் கணவர் போயிருந்தார்.

மகள் தோழியோடு ஓடிவந்தாள். வந்தவளிடம் யாரோ விசயத்தைச் சொன்னார்கள். அவள் தன் கையிலிருந்த வோக்கியைப் பார்த்தாள்.  அந்த இடத்தில் பேசாமல் நின்றிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நானும் அப்போது அதைத்தான் விரும்பினேனோ என்னவோ. அவள் கூட்டத்தின் நடுவே போனாள்.

"கூப்பிட்டது நான்தான். படத்துக்காகக் கதைச்சனான். இது வேலை செய்யுதெண்டு தெரியாது."

"ஆரைக் கூப்பிட்டனி?" என்றார் மணி அடித்த மனிதர்.

"வானத்தில இருக்கிறவையை."

"அவைக்கு எங்கட மீன்காரற்ற வோக்கிச் சனல்தானோ கிடைச்சது?"

ஒருவரும் சிரிக்கவில்லை. கணவன் போன படகு இன்னும் கண்ணில் தெரிந்துகொண்டிருக்க, பக்கத்து வீட்டுக்காரி என் மகளின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "உன்ர படத்துக்கு என்ர மனிசன் சாகவோடி?" மகள் அவளைத் தடுக்கவில்லை, தலைகுனியவும் இல்லை. அழுதுகொண்டே வோக்கியைப் பக்கத்தில் நின்றவரிடம் நீட்டி, திரும்பி வரச்சொல்லுங்கோ என்றாள்.

இரண்டு படகுகள் உடனே பதில் தந்தன. மூன்றாவதிலிருந்து பதில் இல்லை. எப்படி வரும்? என் கணவரின் வோக்கி எங்கள் கையில் இருந்தது. கைப்பேசியையும் கழற்றிய சட்டையோடு வலைக் குவியலின் மேல் விட்டுப் போயிருந்தார்.

பிறகு அந்த இரண்டு படகுகளும் அவரைத் தேடின. கரையில் பெண்கள் செபமாலை சொன்னார்கள். நானும் சொன்னேன். காற்றின் வேகம், நீரோட்டம், தாங்கியில் இருந்திருக்கக்கூடிய எண்ணெய் என்று மனம் ஒருபுறம் கணக்குப் போட, வாய் அருள்நிறை மரியே சொல்லிக்கொண்டிருந்தது. மகள் எனக்குப் பக்கத்தில் முழந்தாளில் இருந்தாள். 

மங்கலான நேரத்தில் படகுகள் ஒன்றாக வந்தன. அவரைக் கண்டு கூட்டிவந்தவர்கள், இயந்திரச் சத்தத்தில் ஒன்றும் விளக்காமல் கையைக் காட்டித்தான் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். இடுப்பளவு தண்ணீரில் குதித்துப் படகைத் தள்ளிக்கொண்டே என் கணவர் கேட்டார்: "ஆக்கள் கிடைச்சிட்டினமோ?"

மகள் தண்ணீருக்குள் இறங்கிப் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் படகைக் கரையில் ஏற்றினார். "அப்ப ஒருத்தருக்கும் ஒண்டுமில்லைத்தானே," என்றார். பிறகு மணலில் உட்கார்ந்துவிட்டார்.  இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

படத்தைக் கைவிடச் சொன்னேன். பங்குச் சபையும் அப்படித்தான் நினைத்தது. மகள் பக்கத்து வீட்டுக்குப் போனாள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். அன்ரி வேண்டாமென்றால் படத்தை அழித்துவிடுகிறேன் என்று சொன்னாள். தோழி கரைக்கு ஓடிவந்தபோது கைப்பேசியை நிறுத்தாமலே ஓடியிருக்கிறாள். நடந்ததெல்லாம் அதில் பதிவாகியிருக்கிறது, அதையும் காட்டுவதென்றால் உங்கள் சம்மதம் வேண்டும் என்றாள். அந்தப் பெண் கேட்டாள்:

"நான் பேசினதையும் போடுவியோ?"

"போடுவன் அன்ரி."

"அப்ப முழுக்கப் போடு. வெட்டிக் கொத்தாத."

மேலேயிருந்து பதில் வரும் காட்சியை மகள் எடுக்கவே இல்லை. அவள் கூப்பிடுகிறாள், மணி அடிக்கிறது, சனம் ஓடுகிறது, யார், எந்த நாடு, எந்த மதம் என்று கேட்காமல் படகுகள் போகின்றன. பிறகு அவள் ஒப்புக்கொள்வதும் திட்டு வாங்குவதும் அப்படியே வருகின்றன. விஞ்ஞானமா விசுவாசமா என்று நான் அவளுக்குச் சொல்லத் தெரியாமல் விட்ட பதில் அதில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. ஆனால் தன்னைத் தப்பவைக்கும் ஓர் இடத்தைக்கூட அவள் வெட்டவில்லை.

பக்கத்து வீட்டுக்காரி சம்மதித்ததைக் கேட்டுப் பங்குச் சபையும் விட்டுக்கொடுத்தது. திருவிழா மாலையில் நான் திரையைப் பார்க்கவில்லை. கணவரின் முகத்தைத்தான் பார்த்தேன். கடைசிக் காட்சியில் இருட்டு, ஒன்றும் தெரியாது. அலைச் சத்தத்துக்கு நடுவே ஒரு குரல் மட்டும், ஆட்கள் கிடைத்துவிட்டார்களா என்று கேட்கிறது.  அவர் என் பக்கம் சாய்ந்தார்.

"உண்மையா நான் அப்பிடியோ கேட்டனான்?"

"ஓம்," என்றேன்.

அவருக்கு ஞாபகமே இல்லை.