ஜோத்பூர் முதல் சேலம் வரை, தொப்பூர் கணவாய் நீங்கலாக

செய்தியாளர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஜோத்பூரிலிருந்து சேலத்தில் உள்ள என் வீடு வரை சைக்கிளில் வருவதென்று முடிவு செய்தேன். பாலைவனத்தில் வெயில் ஏறுவதற்குள் கடந்துவிட ஜனவரியில் கிளம்பினேன். ஒரு கிலோமீட்டர்கூட வேறு வண்டியில் ஏறக்கூடாது என்பது நானே போட்டுக்கொண்ட நிபந்தனை. மணல் பறக்கும் ஊர்கள், சூரத் நெரிசல், பெங்களூரின் சில்க் போர்டு சந்திப்பு எல்லாம் தாண்டி, முப்பத்து நான்காம் நாள் தர்மபுரியில் விழித்தேன். மீதி சுமார் 65 கிலோமீட்டர்.

ஞாயிற்றுக்கிழமை. காலை 6.10க்கு லாட்ஜை விட்டுக் கிளம்பினேன். பேருந்து நிலையம் அருகே ஹாரன் சத்தம் அப்போதே தொடங்கிவிட்டது. அதியமான்கோட்டையில் நான்கு இட்லி, ஒரு டீ, 55 ரூபாய். 7.45க்கு, தொப்பூர் கணவாய் இறக்கத்துக்கு முன்னால் உள்ள ஒரு டீக்கடையில் நின்றேன்.

என் மூட்டைகளைப் பார்த்த கடைக்கார அம்மா, "வூட்ல சண்ட போட்டுக்கிட்டு வந்துட்டீங்களாண்ணா?" என்று கேட்டார்.

"சண்டை போடாமல் இருக்கத்தான் வந்தேன்" என்றேன்.

பக்கத்தில் தக்காளி ஏற்றிய லாரி நின்றது. ஓட்டுநர் முருகேசன், தர்மபுரிப் பக்கம் இண்டூர்க்காரர், நாற்பது வயதிருக்கும். ஓர் இரும்புக் கம்பியால் ஒவ்வொரு டயராகத் தட்டி, சத்தத்தைக் காதில் வாங்கிக்கொண்டிருந்தார். இறங்குவதற்கு முன் இங்கே நின்று பார்த்துவிட்டுப் போவது அவர் வழக்கமாம். ஆறு டயரும் முடிந்ததும் சிரித்துக்கொண்டே என் சைக்கிள் டயரையும் தட்டினார். பிறகு சிரிப்பு நின்றது. பின் சக்கர ரிம்மில் விரலை ஓட்டிக் காட்டினார். கரி மாதிரி தூள். பிரேக்கைப் பிடித்தார். அது கைப்பிடியைப் போய்த் தொட்டது.

"பிரேக் கட்டையே இல்லீங்களே. நேத்து எங்கிருந்து வந்தீங்க?"

"ஓசூர். சூளகிரி இறக்கம் முழுக்கப் பிரேக்கைப் பிடித்தபடியே வந்தேன்."

"அங்கியே தேஞ்சிருச்சுங்க. காலையில பாக்கலீங்களா?"

காற்று மட்டும் பார்த்தேன். வீடு பக்கத்தில் வந்துவிட்ட அலட்சியம். மாற்றுக் கட்டைகளைப் புனேயிலேயே தீர்த்திருந்தேன். திரும்பிப் போனாலும் ஞாயிறன்று சைக்கிள் கடை திறந்திருக்காது.

"முன் பிரேக் இருக்கிறது. மெதுவாக இறங்கிவிடுவேன். ஜோத்பூரிலிருந்து வேறு வண்டியில் ஏறவே இல்லை" என்றேன். 2,100 கிலோமீட்டருக்கு மேல் கெடாமல் காப்பாற்றிய கணக்கு அது.

"நீங்க மெதுவாத்தான் எறங்குவீங்க. பின்னால வர்றவனும் மெதுவா எறங்கோணுமே?" என்றார் முருகேசன். "சைக்கிளத் தூக்கி மேல போடுங்க சார்."

அந்த அம்மா கண்ணாடி டம்ளரைக் கழுவியபடி, "ஏறுங்கண்ணா. லாரில வந்தீங்கன்னு நாங்க யாருகிட்டயும் சொல்ல மாட்டோம்" என்றார்.

ஏறினேன்.

எட்டு கிலோமீட்டர். முருகேசன் இரண்டாம் கியரை விட்டு மாறவே இல்லை. எங்களை முந்திய ஒரு கன்டெய்னர் லாரி, வளைவில் ஓரத்துக் கோட்டை உரசிக்கொண்டு திரும்பியது. நான் போயிருக்கவேண்டிய இடம் அந்தக் கோடுதான். இதே வளைவைப் பற்றி எத்தனையோ முறை செய்தி எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் "பிரேக் பிடிக்காததால்" என்றுதான் முதல் வரி தொடங்கும். பிரேக்கை முதல்நாளே பார்த்திருக்கலாமே என்று ஓட்டுநர்களைப் பற்றி அலுவலகத்தில் பேசியவன் நான்.

8.40க்குத் தொப்பூரில் இறக்கிவிட்டார். அங்கிருந்து மெதுவாக ஓட்டி, 12.20க்கு வீடு சேர்ந்தேன்.

இந்த வழியில் வருபவர்களுக்கு: சூளகிரி தாண்டியதும் கட்டையைப் பாருங்கள். மூட்டையோடு பிரேக் பிடித்தும் பார்க்கவேண்டும், வெறும் சைக்கிளில் பிடிமானக் குறை தெரியாது. மாற்றுக் கட்டை ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். தொப்பூரை மட்டும் பேருந்திலோ லாரியிலோ கடந்துவிடுங்கள், பிரேக் நன்றாக இருந்தாலும்.

வீட்டுச் சுவரில் வரைபடம் ஒட்டி, வந்த வழியைச் சிவப்பு மையில் வரைந்திருக்கிறேன். சேலத்துக்குச் சற்று மேலே ஒரு நூல் அளவுக்குக் கோடு விட்டுப்போயிருக்கும். வருகிறவர்கள் அது என்ன என்று கேட்கிறார்கள். முருகேசனைப் பற்றி அங்கிருந்துதான் தொடங்குகிறேன்.