ரெண்டும் ரெண்டும் எட்டா?

மூன்று வருடங்களுக்கு முன்பு, சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு டீச்சராக இருந்தேன். பள்ளி திறந்து ரெண்டு மாதம் கழித்து ஒடிசாவிலிருந்து ஒரு சிறுமி வந்து சேர்ந்தாள். அப்பாவுக்குப் பக்கத்துத் தொழிற்பேட்டையில் வேலை. பிள்ளைக்குத் தமிழும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. ஒடியா மட்டும்தான். எனக்கு அதில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

முதல் கணக்குப் பரீட்சை. ரெண்டும் ரெண்டும் எட்டு என்று எழுதியிருந்தாள். மற்ற விடைகள் பெரும்பாலும் சுழியும் கொக்கியுமாகக் கிறுக்கல். பூஜ்யம் போட்டேன். அதோடு விட்டேனா? தாளைத் தூக்கிக் காட்டி, "டூ பிளஸ் டூ எய்ட்டாம்!" என்றேன். வகுப்பே சிரித்தது. எதற்கென்று புரியாமல் அந்தப் பிள்ளையும் கூடச் சேர்ந்து சிரித்தாள். இப்போது நினைத்தாலும் என் வாயிலேயே ஒன்று போடலாம் போலிருக்கிறது.

கொஞ்ச நாளில் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. பென்சிலையே தொட மாட்டேன் என்றாள். 'மந்தமான குழந்தை' என்று நானே எழுதிக் கொடுத்தேன். யு.கே.ஜி.க்கு இறக்கிவிடலாம் என்றார் தாளாளர். அப்பாவை வரச் சொன்னோம்.

கம்பெனி யூனிஃபார்மோடு ஓடிவந்தார் மனிதர். தாளை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தெரிந்த தமிழில், "மேடம், இது எட்டு இல்ல. நாலு. எங்க ஊர் நாலு. உங்க நம்பர் பார்த்தா தெரியும், எழுத வராது" என்றார். என் பேனாவை வாங்கி, தாளின் ஓரத்தில் ஒடியா எண்களை வரிசையாக எழுதிக் காட்டினார். அவர்களுடைய நாலு, பார்வைக்கு நம் எட்டு மாதிரியே இருந்தது. விடைகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். இருபதுக்குப் பத்தொன்பது சரி. வகுப்பில் வேறு யாரும் அவ்வளவு வாங்கவில்லை.

அவர் சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தாளாளரோ, "இன்னா மிஸ், நாம நடத்தறது இங்கிலீஷ் மீடியமா, ஒடியா மீடியமா? இதெல்லாம் செல்லாது" என்றார்.

வந்ததே கோபம் எனக்கு! "அவளுக்கு எழுதத் தெரியுது சார், எனக்குத்தான் படிக்கத் தெரியல. யாரையாவது யு.கே.ஜி.க்கு அனுப்பணும்னா என்னை அனுப்புங்க!" என்று கத்திவிட்டேன். வராந்தாவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். தாளாளர் முகம் கடுகடுத்தது. ஆனாலும் பிள்ளை என் வகுப்பிலேயே இருந்தாள்.

மறுநாள் அத்தனை பிள்ளைகள் முன்னாலும், "மிஸ்தான் தப்பு பண்ணிட்டேன்" என்று சொன்னேன். அவளைக் கூப்பிட்டு போர்டில் எண்களை எழுத வைத்தேன். பக்கத்திலேயே நம் எண்களை நான் எழுதினேன். அப்படியும், நான் கிட்டே போனாலே நோட்டைக் கையால் மறைத்துக்கொள்வாள். அரையாண்டுப் பரீட்சை வரைக்கும் அது மாறவில்லை.

தாளாளர் மேலிருந்த கோபம் எப்போதோ ஆறிவிட்டது, அந்தப் பிள்ளையிடம் 'இது என்னம்மா?' என்று ஒரு வார்த்தை கேட்காத என் மேல் இருக்கும் கோபம் மட்டும் ஆறவில்லை, அது ஆறவும் வேண்டாம்.