பத்தடி அறைக்கு ஒரு லென்ஸ்

காலை 6.10. புத்தளம் பஸ் நிலையத்தில் கற்பிட்டி பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஏறி, மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் பிடித்தேன். மடியில் கமராப் பை. அதற்குள் ஒரு துண்டுக் கடதாசி: “நீளம் பத்தடி, அகலம் ஒன்பதடி, கட்டில் ஆறடி, ஜன்னல் மேற்குப் பக்கம்.” பின்னேரம் மூன்று மணிக்கு அந்த ஜன்னலால் வெயில் உள்ளே வரும்; நாலுக்கு முற்றத்து மரம் அதை மறைத்துவிடும். அதற்குள் அந்த அறைக்குத் தோதான லென்ஸ் ஒன்றோடு நான் கரைத்தீவில் நிற்க வேண்டும். ஓகஸ்ட் மாதத்து ஒரு புதன்கிழமை அது. வெள்ளிக்கிழமை அந்த வீட்டில் கலியாணம்; வியாழனிலிருந்தே வீடு சனத்தால் நிறைந்துவிடும், படம் எடுக்க ஏலாது.

புத்தளத்தில் பெண்கள் பக்கத்துக் கலியாணப் படம் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆண் கமராக்காரர் நுழைய முடியாத அறைக்குள் நான் நுழைவேன், அவ்வளவுதான் என் பெருமை. பன்னிரண்டு வருடமாக இதுதான் தொழில். பன்னிரண்டு வருடத் தொழிலில் வெட்கப்பட ஒரு வேலை செய்திருக்கிறேன் என்றால், அது அந்தக் கரைத்தீவு வீட்டில் செய்ததுதான்.

மன்னாரிலிருந்து தொண்ணூறில் விரட்டப்பட்டு வந்து அங்கேயே தங்கிவிட்ட குடும்பம். வாப்பா இல்லை. உம்மா, இரண்டு பெண்கள், ஒரே மகன் நிஸார். நிஸார் கடலடியில் மூழ்கிக் கடலட்டை பிடிக்கப் போனவர். ஒரு நாள் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்ததில் இடுப்புக்குக் கீழே வழங்காமல் போயிற்று. அன்றிலிருந்து கட்டில். முதுகில் புண் இருப்பதால் தூக்கி வெளியே கொண்டுவரக் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

மூத்தவள் கலியாணத்தில் என்னிடம் இருந்தது 50 லென்ஸ். என் கமராவில் படம் விழுகிற சென்சர் சிறியது. சென்சர் சிறியதானால் லென்ஸ் பார்க்கிற பரப்பும் சுருங்கும். பெரிய சென்சர் கமராவில் 80 லென்ஸ் எவ்வளவு பார்க்குமோ அவ்வளவுதான் என் 50 பார்க்கும். முகம் எடுக்கத் தங்கமான லென்ஸ். ஒன்பதடி அறைக்குள் நாலு பேரை எடுக்கச் சொன்னால் ஒரு தோளையும் ஒரு காதையும் தரும். கமராவோடு வந்த அகல லென்ஸோ கடற்கரை மணல் புகுந்து கரகரத்துச் செத்துப் போயிருந்தது. ஆகவே வாசலில் நின்று நிஸாரைத் தனியாக ஒரு படம் எடுத்தேன். அல்பம் அடிக்கும்போது அதை வட்டமாக வெட்டி, சுற்றிவர ரோசாப்பூ வைத்து, மணமகளின் தலைக்கு மேலே ஒட்டிக் கொடுத்தோம்.

எங்கள் பக்கத்து அல்பங்களில் அப்படி வட்டத்துக்குள் ஒட்டப்படுகிறவர்கள் மௌத்தானவர்கள், இறந்துபோனவர்கள். இது எனக்குத் தெரியாததா? அன்றைக்கு மூளை எங்கே மேயப் போனதோ! நிஸார் அல்பத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “எனக்கு எப்ப ஜனாஸா தொழுத?” என்று கேட்டாராம். அதற்குப் பிறகு எந்தக் கமராவுக்கும் அவர் முகம் காட்டவில்லை.

மூன்று கிழமைக்கு முன் இளையவள் சஃப்னா என்னைத் தேடி வந்தாள். “தாத்தா,” என்றாள். எங்களில் அக்காவைத்தான் தாத்தா என்போம், அண்ணனை நானா என்போம். கிழவி என்று நினைத்துவிட வேண்டாம். “எல்லாரும் ஒரே படத்தில இரிக்கோணும். நானாவும்தான். வெட்டி ஒட்டுற வேல வேணாம். ஏலாட்டிச் சொல்லுங்க, வேற ஆளப் பாக்கிறன்.”

வேற ஆளா! எனக்குச் சுள்ளென்று ஏறியது. ஏறி என்ன செய்ய, பிள்ளை சொன்னதில் பிழை இல்லையே. அறையை அளந்து அனுப்பச் சொன்னேன். அந்தக் கணக்குத்தான் இப்போது பையில் இருந்தது.

7.50. கண்டக்குழிச் சந்தி. பஸ்ஸுக்கு நூற்றிப் பத்து ரூபா. கடற்கரைக்கு இன்னும் இரண்டு கிலோமீற்றருக்கு மேல். ஓட்டோக்காரர் முந்நூறு கேட்டார். “கைட் பாக்கவா மிஸ்?” “இல்ல, லென்ஸ் வாங்க.” “கண்டக்குழியிலயா?” என்று திரும்பி ஒரு தரம் என்னைப் பார்த்தார்.

அவர் நினைத்ததில் நியாயம் இருக்கிறது. ஆனால் காற்றுக் காலத்தில் பட்டம் பிடித்துக் கடலில் சறுக்க வரும் வெள்ளைக்காரர்களை நம்பிக் கண்டக்குழியில் லொட்ஜுகள் முளைத்த பிறகு, அங்கே படம் எடுக்கிற பொடியன்களும் முளைத்துவிட்டார்கள். அன்ரன் அவர்களில் ஒருவன். அப்பாவும் அண்ணன்மாரும் கடலுக்குப் போவார்கள். இவன் கரையில் நின்று சறுக்குகிறவர்களை எடுத்து விற்பான். அதற்குக் குழாய் மாதிரி நீள லென்ஸ் போதும். சின்னதாக இரண்டை விற்கப் போவதாகச் சொல்லியிருந்தான்.

8.20. அன்ரன் தன் வீட்டு மேசையில் இரண்டையும் வைத்தான். லென்ஸில் எண் குறையக் குறைய அகலம் கூடும். ஒன்று 35, இருபத்தையாயிரம். மற்றது 24, வடை அளவில் தட்டையாக, பதினேழாயிரத்து ஐந்நூறு.

“அக்கா, 35ஐ எடுங்க,” என்றான். “வெளிச்சத்த அள்ளும். இருட்டு அறை எண்டு சொன்னீங்கதானே. 24 அவ்வளவு வெளிச்சம் எடுக்காது. கலியாணத்துக்கு முகந்தானே முக்கியம்?”

“முகம் எடுக்க என்னட்ட 50 இரிக்கி.”

“அப்ப ரெண்டு படமா எடுத்து கொம்பியூட்டரில ஒட்டுங்க.”

“ஒட்டுற கதை கதைச்சா நான் இப்பவே பஸ் ஏறிடுவன்,” என்றேன். பாவம், அவனுக்கு என்ன தெரியும். கொஞ்சம் உரக்கத்தான் சொல்லிவிட்டேன் போல. வெளியே வலை தைத்துக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

பார்த்தவர்களை விடுவேனா? அவர்களையே பிடித்துக்கொண்டேன். துடுப்பை வாங்கி மணலில் பத்தடிக்கு ஒன்பதடி ஒரு அறை கீறினேன். கண்டக்குழிக் காற்று ஐந்து நிமிடத்தில் சுவரைத் தின்றுவிட்டது. பிறகு வலை மிதப்புகளைக் கோடு நெடுக வரிசையாக அடுக்கினோம். ஒரு ஓரமாகக் கட்டில். “யாராவது ஒராள் இதில படுங்க,” என்றேன். சூசை என்கிற பெரியவர் ஒரு கேள்வியும் கேட்காமல் வந்து நீட்டி நிமிர்ந்து படுத்தார்.

“சூசைக்கு ஏத்த வேலை. வலை தைக்கச் சொன்னாத்தான் இடுப்பு நோகும்,” என்றது கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த அவருடைய மனைவி. அந்த மனைவியையே தலைமாட்டில் இருத்தினேன். இன்னும் இருவரை நடுவிலும் கால்மாட்டிலும் இருத்தினேன். கரைத்தீவு வீட்டு நாலு பேரும் ஆயிற்று.

எதிர்ச் சுவரில் முதுகு முட்ட நின்று முதலில் 35ஐப் போட்டுப் பார்த்தேன். கட்டிலே முழுதாக அடங்கவில்லை. சூசைக்கு முழங்காலுக்குக் கீழே காணோம்.

“கொஞ்சம் பின்னுக்குப் போங்களன் மிஸ்,” என்றார் சூசை, படுத்தபடி.

“பின்னுக்குச் சுவர்.”

“எங்க சுவர்?”

“நீங்க படுத்திருக்கிற வீட்டுச் சுவர்!” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அன்ரன்கூட மிதப்புக்கு இந்தப் பக்கம் காலை வைக்காமல் சுற்றிக்கொண்டு வந்தான்.

24ஐப் போட்டேன். தலைமாடு, கால்மாடு, சூசையின் பெருவிரல், அதற்கு அப்பால் ஒரு சாண் மணலும் கிடைத்தது. எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது. ஆனால் அன்ரன் சொன்ன வெளிச்சம் பொய்யில்லை. ஆகவே அவனுடைய ஐஸ் பெட்டி வைக்கிற அறைக்குள் போய், ஒற்றை ஜன்னலைத் திறந்து, அவனையே நிற்க வைத்து எடுத்தேன். மங்கலைக் கூட்டிக் காட்டும் ஐஎஸ்ஓவை 1600க்கு ஏற்ற வேண்டியிருந்தது. படம் கொஞ்சம் குருணல் குருணலாக வந்தது. முகம் தெளிவாக இருந்தது. போதும். இருட்டைச் சமாளிக்கலாம், சுவரை இடிக்க ஏலாது. 24ஐ வாங்கினேன்.

10.30 பஸ். நுரைச்சோலை, பாலாவி, உப்பளங்கள். வழியெல்லாம் வாங்கின லென்ஸை எடுத்து எடுத்துப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த பெண் என்னைக் கொஞ்சம் பயத்தோடு பார்த்தார். 12.40க்குப் புத்தளத்தில் கரைத்தீவு பஸ் பிடித்தேன். சோறு சாப்பிட நேரமில்லை. பாணும் வாழைப்பழமும் பஸ்ஸுக்குள்ளேயே. வண்ணாத்திவில்லு தாண்டினால் புழுதி. கமராப் பையை அபாயா மடிப்புக்குள் பொத்திக்கொண்டு போனேன்.

2.30. கரைத்தீவு. சஃப்னா வாசல் படலையிலேயே நின்றாள். கைநிறைய மருதாணி. “எடுத்தீங்களா தாத்தா?” “ஓம் புள்ள, எடுத்தாச்சு.” இருவரும் உள்ளே போனோம். அறை வாசலில் நான் அப்படியே நின்றுவிட்டேன்.

நான் முதுகு சாய்த்து நிற்க வேண்டிய சுவரில் ஒரு அலுமாரி நின்றது. புத்தம் புதியது. மூன்று கதவு.

“திங்கக்கெழம லொறியில வந்த,” என்றாள் சஃப்னா. “மாப்பிள்ள அறைக்கு அடிச்ச பெயின்ற் காயல்ல. வெள்ளி காலையில மாத்துவம்.”

“இப்ப தள்ளேலாதா?”

“எட்டுப் பேர் தூக்கி வெச்ச. ஊர் ஆம்புளயள் கடலால வர மகரிபாகும், பொழுது பட்டிடும்.”

யாரைக் குறை சொல்ல? பிள்ளை அளந்த நாளில் அறை வெறும் அறைதான். பன்னிரண்டு வருடமாகக் கலியாண வீடுகளில் புழங்குகிறவள் நான். கலியாணக் கிழமையில் அலுமாரி வந்து இறங்கும் என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கண்டக்குழியில் மிதப்பு அடுக்கி வீடு கட்டின எனக்கு அலுமாரி நினைவுக்கு வரவில்லை!

நிஸார் தலையணைகளில் சாய்ந்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். தோள் இன்னும் நீந்துகிறவரின் தோள்தான். என்னைக் கண்டதும், “தாத்தா, அண்டைக்குப் போல வாசலில நிண்டே எடுங்களன்,” என்றார்.

இந்தப் பேச்சு வரும் என்று தெரியும். “நிஸார், அண்டைக்கு நான் செஞ்சது பெரிய பிழை,” என்றேன். “உசிரோட இரிக்கிற மனிசன வட்டத்துக்குள்ள வெச்சன். மன்னிச்சுக்கொள்ளுங்க.”

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

3.10. வெயில் கட்டிலில் விழத் தொடங்கியது. தலைமாட்டில் உம்மா, நடுவில் சஃப்னா, கால்மாட்டில் மூத்தவள். அலுமாரிக் கதவில் முதுகை ஒட்டிக்கொண்டு கமராவைக் கண்ணில் வைத்தேன். இரண்டடி குறைந்துவிட்டது. உம்மா வந்தால் மூத்தவள் இல்லை. மூத்தவள் வந்தால் உம்மாவுக்கு ஒரு கைதான். மூலையில் குந்திப் பார்த்தேன்; அலுமாரி விளிம்பு மறைத்தது. வாசல்படியில் சரிந்து பார்த்தேன். அங்கேயிருந்து கதவு மறைத்தது.

“ஏலாது போல,” என்றார் நிஸார், மெதுவாக. “அவங்க மூண்டு பேரையும் எடுங்க. என்னப் பொறகு வெட்டி ஒட்டலாம்.” சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சஃப்னாவின் கண் நிறைந்தது. வெயில் கட்டிலின் பாதியைத் தாண்டிவிட்டது.

எனக்கு வந்த கோபம் அலுமாரி மேல்தான். திரும்பி அதன் கதவைப் படாரென்று திறந்தேன். உள்ளே கலியாணச் சாறிகள் கொழுவிக் கிடந்தன. எல்லாவற்றையும் வழித்து ஒரு பக்கம் தள்ளினேன். அடுத்த கதவையும் திறந்து, திரும்பி வராமல் கமராப் பையை முட்டுக் கொடுத்தேன். பிறகு செருப்பில்லாத காலை உள்ளே வைத்து, அபாயாவைச் சுருட்டிப் பிடித்து, சாறிகளுக்கு நடுவே சம்மணம் கொட்டி உட்கார்ந்து, முதுகைப் பின்பலகையோடு ஒட்டினேன். பலகை கிரீச்சிட்டது.

“யா அல்லாஹ், புது அலுமாரி!” என்று உம்மா கத்தினார்.

மூத்தவள் வாயைப் பொத்தினாள். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த நிஸார் என்ன சத்தம் என்று திரும்பினார். ஒரு கணம் பார்த்தார். “உம்மா,” என்றார், “சீதனத்தோட இந்தத் தாத்தாவயும் சேத்தா குடுக்கிறீங்க?”

சொன்னவரே முதலில் சிரித்தார். பிறகு நாலு பேரும். கண்ணில் வைத்த கமராவில் தலைமாட்டு உம்மாவிலிருந்து கால்மாட்டு மூத்தவள் வரைக்கும் ஒருவரும் வெட்டுப்படாமல் இருந்தார்கள். சட்டென்று ஏழெட்டுத் தரம் அமத்தினேன். என் தலையில் ஒரு சாறி வந்து விழுந்தது. அதைத் தள்ளிவிட்டு இன்னும் ஐந்து எடுத்தேன்.

3.40. அலுமாரியிலிருந்து இறங்கவே இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. கால் மரத்துப் போயிருந்தது. கமராவை நிஸாரின் கையில் கொடுத்தேன். அவர் படத்தை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். மூன்றாவது படத்தில் நின்றார். உம்மாவின் கை அவருடைய தலைமுடிக்குள் இருந்தது. எடுக்கும்போது நான்கூடக் கவனிக்கவில்லை. அதை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். 

“இதப் பெரிசா அடிச்சு ஹோலில மாட்டுவம்,” என்றாள் சஃப்னா.

“ஹோலில மாட்டினா நான் எப்பிடிப் பாக்கிற?” என்றார் நிஸார்.

 கட்டிலில் விழுந்த பிறகு அந்த ஹோலில் மாட்டின ஒரு படத்தையும் அவர் கண்டதில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. ஐந்து மணி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நான் பையைக் கட்டினேன். உம்மா எழும்பிக் குசினிக்குப் போய், ஒரு சுத்தியலும் ஆணியும் கொண்டு வந்தார். படம் அடித்து வர இன்னும் ஒரு கிழமையாகும் என்று சொன்னேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அலுமாரிக்குப் பக்கத்தில், கட்டிலுக்கு நேரெதிரே, கை எட்டும் உயரத்தில் ஆணியை வைத்து ஓங்கி இரண்டு அடி அடித்தார்.

“அவ்வளவு உசரத்தில வேணாம் உம்மா,” என்றார் நிஸார். “இன்னும் கீழ. நான் படுத்துக்கொண்டுதானே பாக்கப் போறன்.”

உம்மா ஆணியைப் பிடுங்கினார். கட்டில் மட்டத்துக்குக் குனிந்து, இடம் பார்த்து, மறுபடி அடித்தார்.