பரளச்சி வானமும் தூத்துக்குடிக் கப்பலும்

அருப்புக்கோட்டையில் எங்களுக்குப் பலசரக்குக் கடை. பின்னால் உள்ள குடோனில் தானியமும் வாங்கிப் போடுவோம். உளுந்து விலை ஏறுமா, இறங்குமா என்று கணிக்க எங்கள் வீட்டு ஆண்களுக்குத் தெரிந்தது ஒரே வழி. கார்த்திகையில் பரளச்சிக்கு பஸ் ஏறிப் போய் உளுந்து விதைத்த மானாவாரிக் காட்டைப் பார்ப்பார்கள். காடு காய்ந்திருந்தால் விலை ஏறும். அப்பா அப்படித்தான் பார்த்தார். நானும் அப்படித்தான் பார்த்தேன், கையில் போனை வைத்துக்கொண்டே.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. சுற்றுவட்டாரமே கருகிக் கிடக்க, கண்மாயை ஒட்டி இருந்ததால் பரளச்சியில் என் மனைவியின் தம்பிக்கு மட்டும் மூன்று ஏக்கரிலும் உளுந்து தேறியது. தை மாதம் மூட்டைகளைக் கொண்டுவந்து என் குடோனில் இறக்கினான். விற்ற கையோடு காட்டில் தண்ணீருக்குப் போர் போட வேண்டும், அது இல்லாமல் இனி வெள்ளாமை இல்லை என்று இருந்தான்.

"இப்பவே வித்துருவமா மச்சான்?"

"ஏலே, கூறு இருக்கா ஒனக்கு? காடு பூராம் தீஞ்சு கெடக்கு. ரெண்டு மாசம் பொறு. வெல பிச்சுக்கிட்டுப் போகும்."

"நீங்க சொன்னாச் சரிதான்" என்று போய்விட்டான்.

விலை பிய்த்துக்கொண்டுதான் போனது, கீழே. "தூத்துக்குடியில பர்மா உளுந்து வந்து எறங்கிருச்சு அண்ணாச்சி. இனி நம்ம சரக்க எவன் கேப்பான்?" என்றார் புரோக்கர். இங்கே விளைச்சல் இல்லை என்ற சேதி எனக்கு முன்பே கப்பல்காரர்களுக்குப் போயிருக்கிறது.

இத்தனைக்கும் என் கடைப் பாமாயில் மலேசியாவிலிருந்து வருகிறது. லோடு இறக்கும் லாரிக்கு ஊற்றுகிற டீசல் அரபு நாட்டு எண்ணெய். போனுக்குள் இருப்பதில் பாதி சீனா. பதிலுக்கு இந்தப் பக்கத்திலிருந்து கடல் தாண்டுவது கொஞ்சம் மிளகாய் வற்றலும் கொஞ்சம் துணியும். டிவியில் வர்த்தகப் பற்றாக்குறை என்று ஆரம்பித்தாலே, பெரிய இடத்துச் சமாச்சாரம் என்று சேனலை மாற்றுகிற ஆள் நான். உளுந்தாவது நம்முடையது என்று நினைத்திருந்தேன். மடத்தனம்.

ஏறும், ஏறும் என்று வைகாசி வரை இழுத்தேன். பிறகு கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டோம். போர் போட அந்தப் பணம் பற்றவில்லை. அவன் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

புரட்டாசியில் அவன் விதைக்கவில்லை. பக்கத்து ஊரான வீரசோழனில் ஒரு கடைக்கு லோடு வண்டி ஓட்டப் போனான். காட்டில் கருவேல் முளைத்தது.

தீபாவளிக்கு முந்தின வாரம் கடைக்கு வந்தான்.

"உளுந்து அஞ்சு கிலோ போடுங்க மச்சான். எது வெல கம்மியோ அது."

கம்மி பர்மாதான். நிறுத்துக் கொடுக்கும்போது எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலைச் செய்தியில், உளுந்து இறக்குமதி இன்னும் கூடுகிறது என்றார்கள். நான் சேனலை மாற்றவில்லை. அந்தக் கூடுதலில் அவன் விதைக்காத மூன்று ஏக்கர் நான் சேர்த்தது.